ஆர்க்கிட் தொங்கிய கம்பி

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, மலேசியாவின் சிகாமட்டில் குமரப்பன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வாசலைப் பார்த்த பெரிய நாற்காலியில் வீட்டுக்காரரும் பழைய ஜீப்புச் சங்கத்தின் தலைவருமான குமரப்பன். அவருக்கு வலப்புறச் சோபாவில், கழுத்தில் கட்டிய துணியில் இடது கையைத் தொங்கவிட்டபடி, சங்கச் செயலாளர் கென்னத். எதிர்ச் சோபாவின் நுனியில், சாய்ந்தால் உறை கறுத்துவிடும் என்பதுபோல் முதுகை நிமிர்த்திக்கொண்டு, பட்டறை மகேஸ்வரன். குமரப்பனின் மனைவி ராமலட்சுமி ஆச்சி உட்காரவில்லை. பலகாரத் தட்டோடு அடுக்களைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஐலீனுக்கு அடுக்களைக் கதவை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள்.

வந்து உட்கார்ந்ததும் ஐலீன் இதையெல்லாம் தன் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டாள். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணியாக, எழுத்து வேலையில், இருந்தவள். எந்தக் கூட்டமானாலும் யார் வந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்பதில் தொடங்கித்தான் அவளுக்குப் பழக்கம்.

"ஆன்ட்டி, மினிட்ஸ் நான் எழுதுறேன் லா. அது என் வேலை" என்றான் கென்னத்.

"நீயும் எழுதுப்பா. எனக்குக் கை சும்மா இருந்தா புடிக்காது."

குமரப்பன் தொண்டையைச் செருமினார். இரும்புச் சாமான் கடை வைத்து அறுபத்தாறு வயதுவரை வாடிக்கையாளர்களைச் சமாதானப்படுத்தியே பழகிய குரல். "ஐலீன்மா, மரியநாதன் எனக்குத் தம்பி மாதிரி. அவன் போயி இன்னையோட இருபது நாளாச்சு. எனக்குச் சோறு இறங்கல."

ஆச்சி கொண்டுவந்து வைத்த தட்டில் முறுக்கு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. ஐலீன் அதையும் பார்த்துக்கொண்டாள். எழுதவில்லை.

மரியநாதன் ஐலீனின் கூடப் பிறந்த தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாமல் அக்காவோடு இருந்துவிட்டவன். பள்ளிப் பேருந்து ஓட்டி ஐம்பத்திரண்டு வயதுவரை ஒரு பிள்ளையின் முழங்காலும் சிராய்க்காமல் இறக்கிவிட்டவன். குமரப்பனின் ஜீப்பு அவனை விட ஆறு வயது மூத்தது. ஒரு காலத்தில் தோட்டத்து வெள்ளைக்கார துரை ஏறித் திரிந்தது. குமரப்பன் அதை வாங்கியதும், பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மரியநாதன் கைக்கு வந்தது. அவன் முதல் வேலையாக மகேஸ்வரனிடம் சொல்லி ரோல் பார் போட வைத்தான். வண்டி குப்புற உருண்டாலும் தலை நசுங்காமல் தாங்குகிற வளைந்த இரும்புக் கம்பி. முன்னிருக்கை பெல்ட்டுகள் இரண்டையும் அந்தக் கம்பியிலேயே மாட்டினான். கம்பி போனால் பெல்ட்டும் போகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சங்கத்து வண்டிகள் ஆறு வரிசையாகச் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் போயின. எதிரே பழக்குலை ஏற்றிய லோரி வந்தது. மரியநாதன் வழிவிட்டு ஓரம் ஒதுங்கினான். வெள்ளம் வடிந்து நாலு நாளே ஆன ஓரமண் இளகிக் கிடந்தது. முன்சக்கரம் இறங்க, ஜீப்பு மெதுவாக, மாடு படுப்பதுபோல் சாய்ந்து கால்வாய்க்குள் உருண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கென்னத் சேற்றில் தூக்கி எறியப்பட்டுக் காறை எலும்பு முறிந்தது. மரியநாதன் வண்டிக்கு அடியில் போனான். அவன் தலைக்கு மேலே அன்றைக்குக் கம்பி இல்லை.

"போலீஸ்ல ஒரு கேள்வி கேட்டிருக்காங்க" என்றார் குமரப்பன். "ஜீப்பு தளத்துல எட்டு ஓட்டை இருக்காம். அதுல மாட்டியிருந்த கம்பி எங்கேன்னு. நாம பதில் சொல்லணும் இல்லையா? கென்னத், படிப்பா."

கென்னத் தாளை எடுத்தான். மலாயில் தட்டச்சு செய்திருந்ததைத் தமிழில் சொன்னான். தாளை விட்டுக் கண்ணைத் தூக்கவே இல்லை. "காலஞ்சென்ற மரியநாதன், வாகன உரிமையாளருக்குத் தெரியாமல், தன் சொந்த விருப்பத்தின் பேரில், மேற்படி கம்பியையும் இருக்கைப் பெல்ட்டுகளையும் அகற்றினார் என்பதை அவருடைய சகோதரியாகிய நான் அறிவேன்." கீழே ஐலீனின் முழுப் பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்துக்கு ஒரு கோடு.

ஐலீன் பேனாவை மூடினாள். "என் தம்பி கழட்டினான்னு யாரு சொன்னது?"

"அவன் பொறுப்புலதானே வண்டி இருந்துச்சு."

"எதுக்குக் கழட்டணும்?"

"ஒரிஜினலா இருக்கணும்னு ஆசைப்பட்டிருப்பான். அந்தக் காலத்து ஜீப்புல கம்பியும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. கண்காட்சியில ஒரிஜினலுக்குத்தானே பரிசு? ஏம்பா மகேஸ்?"

மகேஸ்வரன் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய பட்டறை இருக்கும் நிலம் குமரப்பனுடையது.

"செத்தவன் மேல கேஸ் போடமாட்டாங்க ஆன்ட்டி" என்றான் கென்னத் தாழ்ந்த குரலில். "ஃபைல மூடிடுவாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"அதோட அவன் பேர் நிலைச்சு நிக்கணும்" என்று குமரப்பன் தொடர்ந்தார். "வருஷா வருஷம் பாதுகாப்பா ஓட்டுறவங்களுக்கு ஒரு கப். மரியநாதன் நினைவுக் கோப்பை. போன கூட்டத்துலயே தீர்மானம் போட்டாச்சு."

ஒரு தாளில் அவனைப் பொறுப்பில்லாதவன் என்று எழுதுவார்கள், அடுத்த தாளில் பாதுகாப்பாக ஓட்டியதற்கு அவன் பெயரில் கோப்பை கொடுப்பார்கள். இரண்டையும் தட்டச்சு செய்வதும் ஒரே செயலாளர்தான்.

"சரிண்ணே. அந்தக் கம்பி இப்ப எங்க?"

"யாருக்குத் தெரியும்? பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிருப்பான்."

ஐலீனுக்கு நாக்கு வறண்டது. தண்ணீர் கேட்கலாம் என்று அடுக்களைப் பக்கம் திரும்பினாள். அந்தக் கூடத்தில் மற்ற எந்த இருக்கையிலிருந்தும் தெரியாத ஒன்று அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து தெரிந்தது. அடுக்களை தாண்டி, திறந்திருந்த பின்கதவு தாண்டி, பின்கட்டுச் சுவரில் கவிழ்த்த ப வடிவத்தில் ஒரு கறுப்பு இரும்பு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் வரிசையாக ஐந்து ஆர்க்கிட் தொட்டிகள் தொங்கின. ஓரத்தில் இரண்டு அடுக்களைத் துணிகள்.

எழுந்து போனாள். ஆச்சி பின்கட்டில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

கம்பியின் வளைவில் பச்சை ரெக்சின் உறை இருந்தது. உள்ளே பஞ்சுக்குழாய், தலை மோதினாலும் அடி படாமல் இருக்க. உறையின் விளிம்பில் வெள்ளை மீன்வலை நூலில் வளைத்து வளைத்துப் போட்ட தையல். மூன்றாவது சாண் தூரத்தில் நூல் அறுந்து, முடிச்சுப் போட்டு மறுபடி தொடங்கியிருந்தது. ஐலீன் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். அவள் போட்ட முடிச்சு. பக்கத்தில் நின்று, 'ஊசி ஒடஞ்சிறப் போவுது, மெதுவாக்கா' என்று மரியநாதன் சொன்ன அன்றைக்குப் போட்டது. இரு பக்கமும் பெல்ட்டுகள் சுருட்டி, ரப்பர் வளையம் மாட்டித் தொங்கின.

"பூ நல்லா இருக்கு ஆச்சி."

"நல்லா இருக்கில்ல? சும்மா கெடந்த கம்பி. நம்ம மகன் அழகு கல்யாணத்தன்னைக்கு மகேஸு கழட்டி வச்சுட்டுப் போனது. மாப்பிள்ளை அழைப்புக்கு ஜீப்புல நின்னுக்கிட்டு வரணுமே, தலைப்பாகை இடிக்குது, போட்டோவுல குறுக்கால தெரியுதுன்னு இவுகதான் கழட்டச் சொன்னாக." ஆச்சி கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "ஒங்க தம்பி அப்பவே மொணமொணன்னுகிட்டு நின்னாப்ல, பாவம். மறுபடி மாட்டுற வரைக்கும் யாரும் வண்டியத் தொடக்கூடாதுன்னு."

சொல்லி முடித்த பிறகுதான் ஆச்சிக்கு ஐலீனின் முகம் தெரிந்தது. ஈரக்கை கோப்பையின் மேலேயே நின்றது. கூடத்தில் என்ன பேசுகிறார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஐலீன் கைப்பேசியில் நான்கு படங்கள் எடுத்தாள். ஒன்று தொட்டிகளோடு, ஒன்று தையலோடு, ஒன்று பெல்ட்டுகளோடு, ஒன்று அடிப்பக்கத்து எட்டு ஓட்டைகளோடு. பிறகு உள்ளே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கென்னத், அந்தத் தாளை இன்னொரு தடவை படிப்பா. மெதுவா. நான் எழுதிக்கணும்."

அவன் படித்தான். அவள் வரிக்கு வரி எழுதினாள். எழுதி முடித்து நிமிர்ந்தாள்.

"அண்ணே, பழைய இரும்புக்காரன் ஒங்க வீட்டுப் பின்னாலதான் கடை வச்சிருக்கானா?"

மகேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஐலீன்மா, கல்யாண வீடு. ஒரு நாளைக்குக் கழட்டினது" என்றார் குமரப்பன்.

"வியாழக்கிழமை கழட்டினீங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஒங்க போனு வந்தப்ப நான் எதிருலதான் உக்காந்திருந்தேன். அவன் ரொட்டி சானாய் பிச்சுக்கிட்டிருந்தான், கையில எண்ணெய், ஸ்பீக்கர்ல போட்டான். 'கம்பி இன்னும் மாட்டலண்ணே, திங்கக்கிழமைதான் மாட்டறேன்னு மகேஸ் சொல்லியிருக்கான்'னான். நீங்க என்ன சொன்னீங்க?"

குமரப்பன் முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"'அம்பது வருஷம் கம்பி இல்லாமத்தான் ஓடுச்சு, எடுத்துட்டு வா'ன்னீங்க. அம்பது வருஷத்துல எத்தனை பேர் செத்தாங்கன்னு யாரும் ஒங்களுக்குச் சொல்லலையா?"

"கோவத்துல பேசாதீங்க."

"கோவத்துலதான் பேசுறேன். வேற எதுல பேசுறது?" நோட்டை மூடிப் பையில் வைத்தாள். "நீங்க கம்பிய எடுத்தீங்க. அவன் உசுரு போச்சு. இப்ப பேரையும் எடுக்குறீங்க. அதுக்கு என் கையெழுத்து வேணும். கோப்பைய நீங்களே வச்சுக்கங்க, முறுக்குப் போட்டு வைக்கலாம்."

வாசலில் செருப்பைப் போடும்போது கென்னத் பின்னால் வந்தான். "ஆன்ட்டி, நானும் அந்த வண்டியிலதான் இருந்தேன்."

"தெரியும். நீ எந்தப் பக்கம் இருந்தேன்னும் எழுதப்போறேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மேசையைத் துடைத்து, ஐலீன் எழுத உட்கார்ந்தாள். போலீஸ் விசாரணை அதிகாரிக்கு மலாயில் ஒன்று. அதே கடிதம் தமிழில் குமரப்பனுக்கு. அதிகாரிக்கு என்ன சொன்னாள் என்று ஊரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய சிரமம் அவருக்கு வேண்டாம்.

தேதி, கிழமை, நேரம். மாப்பிள்ளை அழைப்பு நடந்த தெரு. கம்பியைக் கழற்றச் சொன்னவர், கழற்றியவர், வேண்டாம் என்றவர். ஜீப்பில் வலப்பக்க முன்னிருக்கையில் மரியநாதன், இடப்பக்க முன்னிருக்கையில் கென்னத், பின்பலகையில் சாப்பாட்டுப் பெட்டிகள் மூன்று. பெல்ட் இரண்டும் அந்த நேரத்தில் எங்கே இருந்தன என்பதற்குப் படம் இணைக்கப்பட்டுள்ளது. சங்கத்தில் இதுபோல் இன்னும் ஐந்து பழைய வண்டிகள் ஓடுகின்றன. அவற்றில் எதில் கம்பி இருக்கிறது, எதில் இல்லை என்று தயவுசெய்து பார்க்கவும்.

கடைசிப் பத்தியில் பேனா நின்றது. அன்றைக்கு போனை வைத்துவிட்டு மரியநாதன் அவள் முகத்தைப் பார்த்தான். 'போகட்டுமாக்கா?' என்றான். அவள்தான் சொன்னாள்: 'பெரியவரு கேக்கறாரு, ஒரு நாளைக்குத்தானே, போயிட்டு வா.' இதை எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுதாவிட்டால் அவளும் நேற்று அந்தக் கூடத்தில் சோபாவில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்திதான். எழுதினாள். 'கம்பி இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் தடுக்கவில்லை.' அடித்தல் திருத்தல் இல்லாமல் இரண்டு மொழியிலும்.

நாலு மணி வாக்கில் வேலிக்கதவு கிரீச்சிட்டது. மகேஸ்வரன். உள்ளே வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்துக் கேட்டுக்கு மேலாக நீட்டினான். உள்ளே எட்டு போல்ட்டுகள், எண்ணெய் தடவியவை.

"திங்கக்கிழமை மாட்டணும்னு தனியா எடுத்து வச்சது, அக்கா."

"ஏன் ஞாயித்துக்கிழமையே மாட்டல?"

"கல்யாண வீட்டுல ஜெனரேட்டரப் பிரிச்சுக் குடுத்துட்டு வான்னாரு. அதுல போயிருச்சு." கேட்டைப் பிடித்துக்கொண்டான். "நான் குடுத்தேன்னு மட்டும் எழுதாதீங்க. பட்டறை போயிரும்."

"எழுதுவேன் மகேஸு. பொய்யா ஒரு தாள் ஏற்கெனவே இருக்கு. நான் வேற ஒண்ணு எழுத முடியாது."

பொட்டலத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வான் என்று நினைத்தாள். அவன் வாங்கவில்லை. "எழுதுறத எழுதுங்க" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

திங்கட்கிழமை காலை தபால் நிலையம் திறந்தபோது வரிசையில் முதலாவதாக ஐலீன் நின்றாள். போலீஸ் அதிகாரிக்கான உறையில் கடிதம், படங்கள் நான்கு, 'போல்ட் ஏழு என் வசம் உள்ளன, கேட்கும்போது நேரில் ஒப்படைப்பேன்' என்ற குறிப்பு. குமரப்பனுக்கான உறையில் கடிதமும் எட்டாவது போல்ட்டும். அதிகாரிக்கான கடிதத்தில் அதையும் சொல்லியிருந்தாள்: ஒன்று உரிமையாளருக்கு அனுப்பப்பட்டுள்ளது, அவர் அதைப் பார்க்க வேண்டும்.

இரண்டு உறைகளின் வாயையும் ஒட்டி, நகத்தால் இரண்டு முறை தேய்த்தாள். பதிவுத் தபால் என்றாள். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் இரண்டாவது உறையை விரலால் அழுத்திப் பார்த்து, உள்ளே என்ன என்று கேட்டாள்.

"பெசி" என்றாள் ஐலீன். இரும்பு.

அந்தப் பெண் எடை போட்டு, முத்திரையை ஒட்டி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். இரண்டு உறைகளும் அவளுக்குப் பின்னாலிருந்த சாம்பல் நிறக் கூடைக்குள் விழுந்தன. ஒன்று சத்தமில்லாமல் விழுந்தது. மற்றது டொக்கென்று விழுந்தது.