கிருஷ்ணமணி வீட்டு ஜெனரேட்டர்

"கரண்டு வந்தாச்சு!" என்று என் மகள் அபிதா கைதட்டினாள். நிமிர்ந்து பார்த்தேன். புயலுக்குப் பிறகு செத்துக் கிடந்த மின்விசிறி மனமில்லாமல் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. சமையலறை பல்பு மங்கலாக எரிந்தது.

என் வீட்டுக்காரர் முருகதாஸ் லைன்மேன். குலசேகரத்துக்கு மேலே ரப்பர் மரங்கள் சாய்ந்து அறுத்த உயரழுத்தக் கம்பியை இழுத்துக் கட்டத்தான் காலையில் போயிருந்தார். "நான் வேலை முடிஞ்சு எறங்கி ஒனக்குப் போன் பண்ணுவேன். அதுக்குப் பொறவுதான் கரண்டு வரும், பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனவர். போன் வரவில்லை. கரண்டு வந்திருக்கிறது.

"கம்பிக்கு எர்த் போடுவீங்கல்லா?" என்று வாசலில் வைத்தே கேட்டிருந்தேன். கம்பியைத் தரையோடு இணைத்துவிட்டால், எங்கிருந்து மின்சாரம் வந்தாலும் மண்ணுக்குள் போய்விடும், ஆள் பிழைப்பான்.

"செத்துக் கெடக்க லைனுக்கு என்னத்துக்குட்டி எர்த்து?" என்று சிரித்தார். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறவளிடம் அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன் அடித்தேன். மணி போயிற்று, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அப்போதுதான் மேட்டு வீட்டிலிருந்து அந்த உறுமல் காதில் விழுந்தது.

மேட்டு வீடு கிருஷ்ணமணி அண்ணனுடையது. மறுநாள் அவர் மகள் நந்தனாவுக்கு நிச்சயம். வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்திருந்தார். அதை வீட்டோடு இணைக்க எங்கள் பக்கத்தில் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயர். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை சுவரில். வீடு முழுக்க எரியும். அதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுவார்கள். அணைக்காவிட்டால் அந்த மின்சாரம் வீட்டோடு நிற்காது. வெளிக்கம்பி வழியாக எங்கள் வீட்டுக்கும் வரும், மின்மாற்றிக்கும் போகும்.

மின்மாற்றி என்பது இரும்பில் சுற்றிய இரண்டு கம்பிச்சுருள்கள், வேறொன்றுமில்லை. ஒன்றில் மாறுமின்சாரம் ஓடினால் இரும்பில் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கும். மாறுகிற புலம் அடுத்த சுருளில் மின்சாரத்தைத் தூண்டும். சுற்று அதிகமுள்ள பக்கம் மின்னழுத்தம் அதிகம். பிள்ளைகள் இதை மளமளவென்று ஒப்பிப்பார்கள். ஆனால் அந்தப் பெட்டிக்கு எது வாசல், எது கொல்லை என்று தெரியாது. பதினோராயிரம் வோல்ட்டை இருநூற்று முப்பதாகக் குறைக்கிற அதே பெட்டி, பின்பக்கமாக இருநூற்று முப்பதைக் கொடுத்தால் பதினோராயிரமாக்கி மேலே அனுப்பிவிடும். மேலே என் ஆள் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

மற்ற வீடுகளுக்குப் போகிற கம்பிகளாவது அறுந்து கிடக்காமல் இருந்திருக்கக் கூடாதா! பாரம் தாங்காமல் அந்தச் சனியன் அப்போதே நின்று தொலைந்திருக்கும். மிஞ்சியது நாங்களும் மேட்டு வீடும் மட்டும்தான்.

செருப்புகூடப் போடவில்லை. ஓடினேன். பந்தல்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கிருஷ்ணமணி அண்ணன் வாய் நிறைய வெற்றிலையோடு வரவேற்றார்.

"வாங்க டீச்சரே, காப்பி குடிக்கியளா?"

"மெயின ஆஃப் பண்ணுங்க!"

"அத ஆஃப் பண்ணினா, சர்க்கார் கரண்டு வந்தா நமக்கு எப்பிடித் தெரியும்?"

அவரைத் தள்ளிவிட்டு உள்ளே போய் மெயின் சுவிட்சை இழுத்தேன். வீடு இருண்டது. அப்படியும் மனசு கேட்காமல், வெளியே வந்து ஜெனரேட்டரையும் நிறுத்தினேன். உள்ளே கிரைண்டர் நின்றது. யாரோ ஒரு பெண் என்னைத் திட்டினாள்.

"லைன்ல அவரு நிக்காரு அண்ணே! ஒங்க கரண்டு அங்க போவுது!"

அவர் முகம் வெளுத்தது. "எங்க வீட்டுக் கரண்டா? அம்மாட்டு தூரமா?"

போன் அடித்தேன். இந்தத் தடவை எடுத்தார். மூச்சு வாங்கிற்று.

"ஏங்க, ஒங்களுக்கு ஒண்ணும் இல்லல்லா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"என் தெய்வமே!" என்று கத்தினேன். அழுகையும் சிரிப்புமாக வந்தது. போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. "நல்ல காலம், நல்ல காலம்" என்று போனுக்குள் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவருக்குப் பின்னால் யாரோ ஏணி கேட்டு அலறுவது கேட்டது.

"ஏட்டி," என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. "நான் ஏறல. கால்முட்டு வலிக்குன்னு சொன்னேன். ஜெஃப்ரின் ஏறினான்."

ஜெஃப்ரின் அவரோடு வேலை செய்கிற பையன். போன வருசம்தான் சேர்ந்தான்.

"பெல்ட்டுல தொங்குகான். கூப்பிட்டா அனக்கமில்ல. லைன் இப்ப செத்துட்டா? அவனத் தொடலாமா? சொல்லுட்டி!"

"எர்த்தப் போட்டுட்டுத் தொடுங்க. நான் இங்கயே நிக்கேன்" என்றேன். போன் அணைந்தது. நான் திரும்ப உள்ளே போய் மெயின் சுவிட்சின் முன்னால் நின்றுகொண்டேன்.

கிருஷ்ணமணி அண்ணன் பின்னாலேயே வந்தார். நான் கத்தியதை அவரும் கேட்டிருந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

"முருகதாசுக்கு ஒண்ணும் இல்லல்லா டீச்சரே? நல்ல காலம். அப்ப ஸ்டார்ட் பண்ணட்டா? தேங்கா பாதி அரைப்புல கெடக்கு."