தொட்டி மேல் நின்ற ஜெபம்

ஞானையன் உபதேசியார் ஜெபிக்க ஆரம்பித்தால் கண்ணைத் திறக்கமாட்டார், ஆனால் நடப்பார். ஒருமுறை பூதப்பாண்டியில் தொடங்கிய ஜெபத்தை நாகர்கோவிலில் முடித்தார். மாட்டுவண்டிகள்தான் ஒதுங்கிக்கொண்டன. 'ஆமேன்' சொல்லும்போது வலது காலை ஓங்கி மிதிப்பார். அதில் இரண்டு வேதக்கோயில்களின் தரை விரிசல் கண்டிருக்கிறது.

அப்பேர்ப்பட்டவரைத்தான் மிஷன் ஆஸ்பத்திரியின் கழிவுநீர்த் தொட்டி ஒரு வருஷம் பழுதில்லாமல் ஓடியதற்கு ஸ்தோத்திர ஜெபம் செய்யக் கூப்பிட்டார்கள். மகாராஜா ஆட்சி நடந்த அந்நாளில் அப்படியொரு தொட்டி ஊருக்கே புதுசு. அழுக்குத் தண்ணீர் வந்து நிற்கும். கசடு அடியில் படியும். மேலே காய்ச்சின பாலில் கட்டுவதுபோல ஏடு கட்டும். அந்த ஏட்டில் வெண்டை முளைத்துக் காய்த்தும் விட்டது. பார்த்தால் தோட்டம்தான்.

தொட்டிக்குக் காவல் ஆபேல். சுற்றிலும் கயிறு கட்டியிருந்தான். ஏணியும் வடமும் எப்போதும் பக்கத்திலேயே கிடக்கும். இடுப்பில் வடமும், கரையில் அதைப் பிடிக்க ஆளும் இல்லாமல் அவன் தொட்டிப் பக்கம் குனியக்கூட மாட்டான்.

உபதேசியார் மகள் ராகேலும் அவனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். உபதேசியாரோ, "கக்கூஸ் தண்ணிக்குக் காவல் கெடக்கியவனுக்கா எம் மகளக் குடுப்பேன்?" என்றுவிட்டார்.

ஜெபம் தொடங்கியது. சபையார் எல்லோரும் கண்ணை மூடியிருந்ததால் உபதேசியார் கயிற்றைத் தாண்டியதை யாரும் பார்க்கவில்லை. குரல் தூரமாகப் போகிறதே என்று ஆபேல் ஒற்றைக் கண்ணைத் திறந்தான். உபதேசியார் நட்ட நடுத் தொட்டியில், வெண்டைச் செடிகளுக்கிடையில் கையைத் தூக்கி நின்றார். ஏடு தொட்டில் மாதிரி அசைந்தது.

பக்கத்தில் நின்றவர்களும் கண்ணைத் திறந்தார்கள். கம்பவுண்டர் ஜஸ்டஸ் பாய்ந்தார். ஆபேல் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

"நில்லும் ஓய்! ஏட்டுக்குக் கீழ கெடக்கது வெஷக் காத்து. நீரும் விழுந்தா ரெண்டு சவப்பெட்டி அடிக்கணும்."

"சத்தம் போட்டுக் கூப்பிடட்டா?"

"கண்ணத் திறந்தா துள்ளுவாரு. ஆமேன் சொன்னாலோ மிதிப்பாரு. ஜெபம் முடியப்பிடாது!"

ராகேலுக்குப் புரிந்துவிட்டது. "அப்பா, விதவைமாருக்காவவும் ஜெபியுங்கோ!" என்றாள். உபதேசியார் உருகிப்போய் அசையாமல் நின்றார்.

ஆபேல் இடுப்பில் வடம் கட்டி ஜஸ்டஸிடம் கொடுத்தான். ஏணியைத் தொட்டிக்குக் குறுக்கே கிடத்தி, ஊர்ந்து போனான்.

"மகாராஜாவுக்காவவும் அப்பா! கடலுக்குப் போனவங்களுக்காவவும்!"

உபதேசியார் அலையைப்போல ஆட ஆரம்பித்தார்.

"ஏட்டி, கடலு வேண்டாம்!" என்று ஆபேல் பல்லைக் கடித்தான்.

"ஐயோ… கெடையில கெடக்கிய நோயாளியளுக்காவவும்!"

ஆட்டம் நின்றது. தூக்கிய கைகளுக்குக் கீழே ஆபேல் இன்னொரு வடத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டு, வந்த வழியே கரைக்கு ஊர்ந்தான். ஆட்கள் வடத்தைக் கரையில் நின்ற தென்னையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தார்கள்.

"இழுக்கலாமா?"

"கொஞ்சம் பொறுங்கோ," என்ற ராகேல் குரலை உயர்த்தினாள். "அப்பா, ஆபேலுக்கும் ராகேலுக்கும் நடக்கப்போற கலியாணத்துக்காவவும்!"

வேகத்தில் இருந்த உபதேசியார் பெயர்களைக் கவனிக்கவில்லை. "கர்த்தாவே, இந்த ஆபேலையும் ராகேலையும் இணைத்து ஆசீர்வதியும்! ஆமேன்!"

சபை முழுக்க, "ஆமேன்!" என்றது.

வலது கால் இறங்கியது. ஏடு கிழிந்தது. இடுப்பளவு போனவரை ஒரே இழுப்பில் ஏணி மேல் வழுக்க வைத்துக் கரையில் போட்டார்கள், காதில் வெண்டைக்காயோடு.

பதினேழு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். கண்ணைத் திறந்ததும் உபதேசியார் ஆபேலைத்தான் பார்த்தார். பிறகு ஆமேன் சொன்ன சபையைப் பார்த்தார்.

"எலே, கலியாணத்த எப்பம் வச்சுக்கிடலாம்?"

கல்யாணத்தன்று அவர் ஜெபிக்க எழுந்தபோது மாப்பிள்ளை மெதுவாக அவர் இடுப்பில் ஒரு வடத்தைக் கட்டி, மறுமுனையை ஜஸ்டஸ் கையில் கொடுத்தான்.