முகத்தைக் கொஞ்சம் தூக்கி விட்டவர்

அண்ணன் மகளுக்கு வகுப்பில் வைத்திருக்கும் பெயர் கரிச்சட்டி. வைத்தவள் பக்கத்துப் பெஞ்சு ரெட்டைச்சடை. அன்றிலிருந்து எங்கள் வாண்டு வகுப்பில் வாயே திறப்பதில்லை. வீட்டில் எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்துகிறவள், பேர் கூப்பிடும்போதுகூட கையை மட்டும் தூக்குகிறாளாம்.

"கண்டுக்காம விடு, தானாச் சரியாப் போயிடும்" என்றாள் அண்ணி.

கண்டுகொள்ளாமல் விட்டு இதுவரை எது சரியாகப் போயிருக்கிறது? எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிப்பால் கண்ட லாபம், கோபத்தைப் பிழையில்லாமல் எழுத வரும். வேலை பார்ப்பதோ குழந்தைகள் புத்தகம் போடும் சின்னப் பதிப்பகம். நானே ஒரு கதை எழுதினேன். அதில் ஒரு சிறுமி பக்கத்துக்குப் பக்கம் "நான் கருப்பு" என்று சொல்லிக்கொண்டே மரம் ஏறுவாள், வம்பு வளர்ப்பாள், ஜெயிப்பாள். ஓவியர் அவளை நல்ல கருப்பாக வரைந்து தந்தார். வகுப்பில் வாசித்துக்காட்ட டீச்சரிடம் வெள்ளிக்கிழமை ஒரு பீரியடும் வாங்கிவிட்டேன்.

"அத்தை, அவ என்னை மாதிரி இருப்பாளா?"

"அச்சு அசலா உன்னை மாதிரி."

வியாழக்கிழமை புத்தகக் கட்டு வந்தது. பிரித்தால், அட்டையில் உரித்த வெங்காயம் மாதிரி ஒருத்தி நிற்கிறாள். உள்ளே மரக்கிளையில் பால்வண்ணத்தில் உட்கார்ந்துகொண்டு "நான் கருப்பு" என்கிறாள்.

அச்சகத்துக்கு ஓடினேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த டிசைனர் அண்ணன் என்னைவிட இரண்டு பிடி கருப்பு.

"என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஏன்மா, நல்லாத்தான வந்திருக்கு?"

"இவ கருப்புப் பொண்ணுண்ணே."

"அதான் டல்லா இருந்துச்சு, கலரைக் கொஞ்சம் தூக்கி விட்டேன். போஸ்டர், பேனர், பாஸ்போர்ட் போட்டோ, எந்த முகம் வந்தாலும் தூக்கி விட்டுருவோம். அதுக்குத் தனியாக் காசு வாங்குறதில்ல."

"பக்கத்துல எழுதியிருக்கிறதப் படிக்கலையா?"

"எழுத்து உங்க டிபார்ட்மென்ட்டும்மா. நமக்கு முகம் மட்டும்தான்."

"உங்க முகத்தையும் தூக்குவீங்களா?"

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிக் காட்டினார். அதில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரியே யாருன்னு கேட்டா" என்றார் பெருமையாக.

எங்கள் முதலாளி மறுபடி அடிக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார். "சின்னப் பசங்களுக்கு என்ன தெரியப் போகுது? கதையச் சொல்லிட்டு வா."

மறுநாள் வகுப்பில் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து, முதல் பக்கத்தை வாசித்தேன். ரெட்டைச்சடை எழுந்தாள்.

"அக்கா, இவ பொய் சொல்றா. வெள்ளையா இருந்துட்டு கருப்புங்கிறா."

"பவுடர் அப்பியிருப்பா" என்றது பின்பெஞ்சு. டீச்சர் கைக்குட்டையால் கழுத்துப் பவுடரைத் துடைத்துக்கொண்டார்.

இரவெல்லாம் தயார் செய்த பேச்சை மடித்துப் பைக்குள் வைத்தேன். உண்மையைச் சொன்னேன். "இவ கருப்புதான். கம்ப்யூட்டர்ல ஒரு மாமா வெளுத்துட்டாரு. அப்பதான் அழகா இருப்பான்னு நினைச்சுட்டாரு."

"அவகிட்ட கேட்டாரா?"

கேட்டது எங்கள் வாண்டு. மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது, பெஞ்சே பேசிவிட்ட மாதிரி.

"கேக்கல" என்றேன்.

"அப்ப நாமளே சரி பண்ணலாம்."

கிரேயான் டப்பாக்கள் திறந்தன. முதலாளியின் கஞ்சத்தனத்தில் தாள் சொரசொரப்பு. கலர் நன்றாகப் பிடித்தது. ரெட்டைச்சடை 'தோல் நிறம்' என்று எழுதியிருந்த கிரேயானை எடுத்துத் தன் கையோடு வைத்துப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவன் கையோடும் வைத்தாள். டீச்சர் கையோடும்.

"மிஸ், இது யாரோட தோலு?"

டீச்சர் கிரேயானை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கடைசியில் ஒரு கருப்பு, ஒரு பழுப்புக் கிரேயானோடு எங்கள் வாண்டுவிடம் வந்து நின்றாள் ரெட்டைச்சடை.

"ஏய் கரிச்சட்டி, உன் கையைக் காட்டேன். பாத்து அடிக்கணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாண்டு அசையவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பேர் சொல்லிக் கேளு."

ரெட்டைச்சடை சுற்றிலும் பார்த்தாள். கிரேயானைச் சுரண்டினாள். பிறகு, பேரைச் சொல்லிக் கேட்டாள்.

வாண்டு கையை நீட்டி மேஜைமேல் வைத்தாள். "நல்லா அழுத்தித் தேயி. இந்தக் கருப்பு பத்தாது."