திட்டிவிடத்துக்குக் கண்புரை

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு அழுகிப்போகட்டும். எனக்குப் பொய் சொல்ல வராது என்பதை என்னை நன்றாகத் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். அப்படி யாரும் இப்போது இல்லை என்பது வேறு விஷயம்.

நான் மிருக வைத்தியன். ஆடுமாடு பார்க்க நிறையப் பேர் இருந்ததால், மற்றவர்கள் தொடமாட்டோம் என்று விட்டுவிட்டு ஓடிய பிராணிகளைப் பார்த்துப் பிழைத்தேன். யாளிக்குப் பல் பிடுங்கியிருக்கிறேன். இருதலைப் பறவைக்கு ஜலதோஷம் வந்தால், சொட்டு மருந்து யாருடைய மூக்குக்கு என்று இரண்டு தலையும் போடும் சண்டையை விலக்கியிருக்கிறேன். ஆனால் என் நிரந்தர நோயாளி, பழைய இரும்புக் கிடங்கில் காவலுக்கு இருந்த திட்டிவிடம்தான். அது கண்ணில் விஷமுள்ள பாம்பு. தூண் தடிமன், தலையில் சேவல் கொண்டை. அதன் கண்ணும் நம் கண்ணும் சந்தித்தால், நாம் நின்ற இடத்தில் கொஞ்சம் சாம்பல் இருக்கும். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. பாம்புக்கு இமை இல்லை, மூடிக்கொள்ள வழியில்லை, அவ்வளவுதான்.

ஆகவே கிடங்குக்குள் பின்பக்கமாக நடந்தே போவேன். முதுகைக் காட்டிக்கொண்டு, கையால் தடவிப் பார்த்து ஊசி போடுவேன். கைக்குப் பழகியது கழுத்துக்கும் பழகிவிட்டது. கடைக்குப் போனால் அலமாரியிடம் மருந்து கேட்டேன். வீட்டில் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன். ஒருநாள் மனைவி பெட்டியோடு வாசலில் நின்று, "என் மொகத்த நீங்க கடைசியா எப்பப் பாத்தீங்க?" என்றாள்.

நான் தாழ்ப்பாளைப் பார்த்து, "அதுக்கென்ன இப்போ?" என்றேன்.

அண்ணன் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அவளுக்கு மச்சம் எந்தக் கன்னத்தில் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

அந்த மழைக்காலத்தில் திட்டிவிடத்துக்குக் கண்புரை விழுந்தது. இரண்டு கண்ணும் பால் ஊற்றினாற்போல் வெளுத்துப்போக, முதல்முறையாக அதன் முகத்தைப் பார்த்தேன். சாதுவான முகம். வாயோரத்தில் ஒரு சுளிப்பு, ஏதோ கேட்க வந்து கூச்சப்பட்டு நிறுத்தியதுபோல. வைத்தியம் என்று சொல்லிக்கொண்டு தினமும் சாயங்காலம் போய், எதிரே ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். மனைவியிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் அதனிடம் சொன்னேன். என் முழங்காலில் தலையை வைத்துக் கேட்கும்.

அதற்குள் கிடங்கில் திருட்டு ஆரம்பித்துவிட்டது. முதலாளி வந்து நின்றார். "டாக்டரே, கண்ண சரி பண்ணி விடுங்க. இத வச்சுக்கிட்டு நான் தாலாட்டா பாடறது?"

வயதான ஜீவன், மயக்க மருந்து தாங்காது என்று சாக்குச் சொன்னேன். புரையை எடுத்துவிட்டால் எனக்கு மறுபடி சுவர்தான் கதி என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? அவரும் அரைமனதாக நம்பிவிட்டுப் போனார். ஆனால் அது தண்ணீர்த் தொட்டியைத் தேடித் துருப்பிடித்த கம்பிகளில் மோதி, மூக்கெல்லாம் காயமாகிக் கிடந்ததைப் பார்த்த பிறகு, அந்தச் சாக்கு என் வாயிலேயே கசந்தது.

"பார்வை வந்தா நீயும் தனி, நானும் தனி. பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

அது எங்கோ இருந்த ஒரு பீப்பாய்க்குத் தலையாட்டியது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்க்கும் அன்று பழையபடி முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் நீட்டித் துணியை உருவினேன். சரசரவென்று சத்தம். எனக்கு எதிரே சுவரில் அதன் நிழல் விழுந்தது. கொண்டை அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. இமை இல்லாத பிராணி, எனக்காக மூலையைப் பார்த்து நின்றது. இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றோம்.

"இந்தப் பக்கம் திரும்புப்பா," என்றேன்.

நிழலில் கொண்டை மாட்டேன் என்று ஆடியது.

"பரவாயில்ல, திரும்பு. எத்தன நாளைக்குத்தான் செவுத்தையே பாத்துக்கிட்டு இருக்கறது?"

அது திரும்பியது. நானும் திரும்பினேன்.

மறுநாள் காலையில் முதலாளி வந்து என்னைத் துடைப்பத்தால் கூட்டி, முறத்தில் அள்ளி, ரோஜாத் தொட்டியில் போட்டார்.