குளிர்காலத்துக்கு ஓர் ஆள்

ரஸ்ஸல் வரைபடத்தை விரிக்க, இவாலு காப்பிக் கோப்பைகளை ஓரமாக நகர்த்தி இடம் செய்துகொடுத்தாள். விடுதியில் வேலை பார்ப்பதால் அவளுக்கு ஆங்கிலம் பழக்கம். அவள் கொழுந்தன் தோபியாஸுக்கு அது சுத்தமாக வராது. அதனால்தான் பேச்சு அவள் வீட்டில் நடந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பொறியாளர் கேட்பதை அவனுக்குச் சொல்ல வேண்டும், அவன் சொல்வதை இவருக்கு.

மலைகளுக்கு நடுவே ஊர்வரை நீண்டிருக்கும் கடற்கழியான ஃபியோர்டுக்கு அப்பால், நிலத்தை மூடிக் கிடக்கும் பெரும்பனியின் விளிம்பில் துருத்திக்கொண்டிருக்கும் பாறையில் அவருடைய ஜிபிஎஸ் கருவி இருந்தது. நிலத்தை அழுத்தும் பனி உருகி எடை குறையக் குறையப் பாறை நூலிழை நூலிழையாக நிமிர்கிறதாம். கருவி அதை அளந்து சொல்லிக்கொண்டே இருக்கும். கோடையில் வெயில் போதும். சூரியன் மலைக்கு மேலே ஏறாத மாதங்களில் பேட்டரிதான் கதி. போன குளிர்காலத்தில் அது வாயடைத்துப் போனது. யாராவது போய்ப் பார்க்க முடியுமா என்று ரஸ்ஸலின் ஆட்களிடமிருந்து செய்தி வந்தது. இவாலுவின் கணவன் மிகிதி நாய்வண்டியைப் பூட்டிக்கொண்டு போனான். கருவிமேல் படிந்த உறைபனியைத் தட்டிவிட்டான், சிக்னலும் வந்துவிட்டது. நன்றி என்று அவர்கள் அனுப்பியதை அவனிடம் காட்டலாமென்று இவாலு அடுப்பில் சூப்பை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். திரும்பும் வழியில், உறைந்து கிடந்த ஃபியோர்டின் பனி உடைந்து அவனையும் வண்டியையும் உள்ளே வாங்கிக்கொண்டிருந்தது. உடல் கிடைக்கவேயில்லை.

சற்றுமுன் வீட்டுக்குள் வந்தபோது ரஸ்ஸல் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கதவருகிலேயே நின்றார். வருத்தத்தைச் சொல்ல வாயெடுத்தார், பாதியில் நின்றுவிட்டது. உட்காருங்கள் என்றாள் இவாலு. கோபப்படக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

இனிமேல் ஆண்டு முழுவதும் கருவியைக் கவனிக்க உள்ளூரிலேயே ஓர் ஆள் வேண்டும், மாதச் சம்பளம் உண்டு என்றார் ரஸ்ஸல். கோடையில் ஹெலிகாப்டர் பேட்டரிகளை இறக்கும்போது கூட நிற்க வேண்டும்; உறைபனி தொடங்குமுன் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். எல்லாவற்றையும் இவாலு அப்படியே சொன்னாள். மீன் தொழிற்சாலை வேலை போனதிலிருந்து சும்மா கிடந்த தோபியாஸுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவன் மனைவி பிள்ளைத்தாய்ச்சி.

பிறகு ரஸ்ஸல் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "குளிர்காலத்துல நின்னு போச்சுன்னா, இவரால போய்ப் பாக்க முடியுமா? கட்டாயமில்ல."

அதையும் சொன்னாள்.

"போறேன்னு சொல்லுங்க அண்ணி. தடம் எனக்குத் தெரியும். அண்ணன விட நான் ஒல்லி, பனி என்னைத் தாங்கும்" என்று சிரித்தான் தோபியாஸ்.

இவாலு ரஸ்ஸல் பக்கம் திரும்பினாள். "குளிர்காலத்துல போக மாட்டாராம்."

ரஸ்ஸல் அவளைப் பார்த்தார். தலையாட்டிக்கொண்டிருந்த தோபியாஸைப் பார்த்தார். அப்புறம் பென்சிலை எடுத்து, வேலை அட்டவணையில் இருட்டு மாதங்களின்மேல் மெதுவாகக் கோடு போட்டார். நின்றால் நிற்கட்டும், கோடை வரை காத்திருக்கலாம் என்றார். அந்த மாதங்களுக்குச் சம்பளமும் இல்லாமல் போனது.

அவர் போனதும் தோபியாஸ் கேட்டான். "நான் சரின்னுதான தலையாட்டுனேன். அந்தாளு ஏன் கோடு போட்டாரு?"

"நீ போக மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"என் வாய்க்கு நீங்க யாரு அண்ணி? என்னைக் கட்டிக்கிட்டீங்களா?"

அவள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "போன தடவை அவங்க கேட்டத உங்கண்ணன்கிட்ட சொன்னதும் நான்தான் தோபியாஸ். ஒரு வார்த்த மாத்தல."

அவன் எழுந்தான். கதவைச் சாத்தாமலே போனான். அதன்பின் அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

பிப்ரவரியில் கருவி நின்றது. யாரும் போக வேண்டாம் என்று ரஸ்ஸல் இவாலுவுக்கு இரண்டு தடவை எழுதியிருந்தார். தோபியாஸிடம் மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். மனது கேட்காமல் அவன் வீட்டுக்கு நடந்து போய், எழுதியிருந்ததை அப்படியே சொன்னாள். நாய்களுக்குச் சீல் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. "எனக்கென்ன. நான்தான் குளிர்காலத்துல போகாத ஆளாச்சே."

மறுநாள் காலை விடுதியின் மாடியில் படுக்கை விரிப்புகளை உருவிக்கொண்டிருந்தபோது, கீழே ஃபியோர்டின் பனியில் ஒரு நாய்வண்டி இறங்குவதைக் கண்டாள். கொஞ்சதூரம் போனால் தடம் இரண்டாகப் பிரியும். ஒன்று மீன்தூண்டில் போடும் துளைகளுக்கு, மற்றது பாறைக்கு. யாருடைய நாய்கள் என்று அங்கிருந்து தெரியவில்லை. ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பிரியும் இடத்தை வண்டி எட்டுமுன் தரையோடு காற்று எழும்பிப் பனித்தூளை வாரியிறைத்தது. வெள்ளைக்குள்ளிருந்து குரைப்புச் சத்தம் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.