ரேடியோவின் கடைசிப் பேச்சு

தம்பிக்கு வலிப்பு வந்தால் அக்கா முதலில் தேடுவது துணிச்சுருளைத்தான். அவள் சோபாவுக்கு உறை தைக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவள். வெட்டிப்போட்ட தடித்த துணியில் ஒரு துண்டைச் சுருட்டி, நூலால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தாள். விழுந்ததும் அவனுடைய வலது கை மூடிக்கொள்ளும். மூடினால் நகம் உள்ளங்கையில் இறங்கி ரத்தம் வரும் அளவுக்கு மூடும். அதனால் அது மூடுவதற்குள் சுருளைத் திணித்துவிட வேண்டும். இடது கை பாட்டுக்குத் துவண்டு கிடக்கும். ஏன் எப்போதும் வலது கை மட்டும் என்று அவள் யோசித்ததில்லை. நகத்தை ஒட்ட வெட்டிவிடுவாள், அவ்வளவுதான்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவனோடு ஜோடியாக வேலைக்குப் போனவனை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே யாரையோ என்று திரும்பிப் பார்ப்பான். அப்படி ஒரு வாய். ஏணியில் நிற்கும்போதும் பேச்சு, சாப்பிடும்போதும் பேச்சு. "தூக்கத்துலயும் ஒலிபரப்பு உண்டுக்கா, நிறுத்துற பட்டனை எங்க வெச்சிருக்காருன்னுதான் தெரியல" என்று அவன் மனைவி சொல்லிச் சிரிப்பாள். நல்ல பெண். கல்யாணமாகி முழுசாக இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

ஏழாவது மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்து வேலை. பெட்டி கீழே நின்றது. ரேடியோ குழிக்குள் விழுந்து செத்துப்போனான். பாதுகாப்பு பெல்ட் மாட்டாதது அவன் கவனக்குறைவு என்று கம்பெனி இரண்டே வரியில் கதையை முடித்துக்கொண்டது. மேலே போய்ப் பார்த்தவர்கள் தம்பியைத் திறந்த கதவோரம் கண்டார்கள். குப்புறப் படுத்து, வெறித்துப் பார்த்துக்கொண்டு கிடந்தானாம். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை.

"டூல் பாக்ஸைத் திறந்தேன்க்கா. அப்புறம் ஆஸ்பத்திரி."

எத்தனை தடவை கேட்டாலும் இவ்வளவுதான். நடுவில் இருந்ததை யாரோ கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த மாதிரி இருந்தது. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் ரேடியோவின் மனைவி, "அண்ணா, அவர் கடைசியா என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்த தம்பி அப்படியே சரிந்தான். அதுதான் முதல் வலிப்பு. அதன் பிறகு சூப்பர்வைசர் கேட்டபோது விழுந்தான், பெரியம்மா கேட்டபோது விழுந்தான், யாரும் கேட்காத நாளிலும் விழுந்தான்.

மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை அவனைத் தூங்க வைத்ததே தவிர, வலிப்பு பாட்டுக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒரு டாக்டரம்மா தலை முழுக்க ஒயர் ஒட்டி, எதிரே கேமராவை வைத்து, வலிப்பு வரும்வரை காத்திருந்து பார்த்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இது காக்காய் வலிப்பு இல்லம்மா. மூளையில கரண்ட் கோளாறு எதுவும் இல்ல. ஆனா இவருக்கு வர்றது நிஜம். வேணும்னு செய்யல, நிறுத்தணும்னு நினைச்சாலும் அவரால முடியாது. தாங்கவே முடியாத ஒண்ணைப் பார்த்தா மனசு சில நேரம் அந்த இடத்தை விட்டு விலகிப் போயிடும். மனசு விட்டுட்டுப் போனதை உடம்பு மறக்காது. அதுதான் இப்படி வருது. பேசிப் பேசித்தான் சரி பண்ணணும், நாளாகும். அதுவரைக்கும் என்ன நடந்துச்சுன்னு யாரும் அவரைக் குடையாதீங்க."

அக்காவுக்குக் காதில் விழுந்தது முதல் வரி மட்டும்தான். காக்காய் வலிப்பு இல்லை! அந்த சந்தோஷத்தில் பட்டறையில் சொன்னாள், பெரியம்மாவிடம் சொன்னாள், தம்பியின் கம்பெனிக்கும் போன் போட்டுச் சொன்னாள். "மூளையில ஒண்ணுமே இல்லையாம், எல்லாம் மனசுதானாம்." நல்ல சேதி சொல்கிறோம் என்று நினைத்து வினையை விலைக்கு வாங்கினாள் பாவி. அவள் சொன்ன சேதி நாலு வாய் தாண்டுவதற்குள் 'ஒன்றும் இல்லையாம்' ஆனது. இன்னும் நாலு வாய் தாண்டி 'நடிக்கிறானாம்' ஆனது. ரேடியோ விழுந்த நேரத்தில் இவன் கீழே டீ குடிக்கப் போயிருந்தானாம், சத்தம் கேட்டு ஓடிவந்து கதவோரம் படுத்துக்கொண்டானாம், அதை மறைக்கத்தான் விழுந்து புரள்கிறானாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "என்னடி, அப்ப அத்தனையும் நாடகமா?" என்று பெரியம்மாவே கேட்டாள். அன்று அக்கா அவளிடம் பேசிய பேச்சை எழுத முடியாது.

பேச்சு போக வேண்டிய இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டு அக்கா திறந்தாள். ரேடியோவின் மனைவி நின்றிருந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

"வாம்மா" என்று சொல்லும் முன்பே அவள் உள்ளே வந்து, நாற்காலியில் இருந்த தம்பிக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணா, நீங்க கீழ போயிருந்தாக்கூடப் பரவால்ல. நான் கோவிச்சுக்க மாட்டேன். அவர் தனியா இருந்தாரா, அதை மட்டும் சொல்லுங்க. வாய் ஓயாம பேசுற மனுஷன். போறப்ப ஒரு வார்த்தை பேசியிருப்பாருல்ல? எனக்குன்னு ஏதாவது சொன்னாரா?"

"வேணாம்மா, கேக்காதம்மா" என்று அக்கா பதறினாள். அதற்குள் தம்பியின் கண் இறுக மூடிக்கொண்டது. தலை இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. நாற்காலியிலிருந்து சரிந்து, வாசலருகே தரையில் விழுந்து உதறினான்.

ரேடியோவின் மனைவி கையைக் கட்டிக்கொண்டாள்.

"முடிச்சுட்டே சொல்லுங்க. நான் இருக்கேன்."

அவளோடு சண்டை போட அக்காவுக்கு இப்போது நேரமில்லை. துணிச்சுருளைத் தேடினாள். காலையில்தான் துவைத்து, பால்கனியில் காயப்போட்டிருந்தாள். ஓடினாள்.

திரும்பி வருவதற்குள் காரியம் கைமீறிவிட்டது. அவன் தலை நாற்காலிக் காலில் மோதப் போனதைப் பார்த்து, எவ்வளவு கோபம் இருந்தாலும் மனுஷிதானே, அந்தப் பெண் குனிந்து கையைக் குறுக்கே நீட்டியிருக்கிறாள். அவன் வலது கை அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது.

"ஐயோ, விடுங்க!" என்று அவள் இழுத்தாள். இழுக்க இழுக்கப் பிடி இறுகியது. அவன் இரண்டு காலையும் கதவு நிலையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, அவளைத் தன் பக்கம் இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. உடம்பு முழுவதும் நடுங்கியது. ஒரு ஆள் எடையைக் கீழேயிருந்து மேலே தூக்குகிறவன் எப்படி இழுப்பானோ அப்படி இழுத்தான்.

அக்கா சுருளோடு நின்றுவிட்டாள். இத்தனை நாளாக இந்தக் கைக்குள் எதன் இடத்தில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள் என்று இப்போதுதான் புரிந்தது. ஓடிப்போய் அவன் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள்.

"பிரிக்காதீங்கக்கா." அந்தப் பெண் இழுப்பதை நிறுத்திவிட்டாள். கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. "பிரிக்காதீங்க. பிடிச்சுக்கட்டும்."

வெகுநேரம் அப்படியே போனது. மெல்ல மெல்ல உதறல் அடங்கியது. கண்ணைத் திறக்காமலே, குழறலாகக் கேட்டான்.

"பிடிச்சுட்டேனா?"

"பிடிச்சுட்டீங்கண்ணா" என்றாள் ரேடியோவின் மனைவி.

அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. விபத்துக்குப் பிறகு அந்த முகத்தில் அக்கா நிம்மதியைப் பார்த்ததே இல்லை. அது அப்படியே இருந்திருக்கக் கூடாதா? அவன் கண்ணைத் திறந்தான். தன் கைக்குள் இருந்த சின்னக் கையைப் பார்த்தான். யாருடைய கை என்று பார்த்தான். நிம்மதி போய்விட்டது.

"கிரீஸும்மா" என்றான். "ரெண்டு பேர் கையிலயும் கிரீஸு. அவனுக்குக் கால் வழுக்கிடுச்சு. நான் பிடிச்சுட்டேன். படுத்துக்கிட்டே பிடிச்சிருந்தேன். கத்துனேன், யாருமே வரல. கை மரத்துப்போச்சு... நான் விடலம்மா. சத்தியமா நான் விடல."

"அவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல." அவனுக்கு அழுகை முட்டியது. "அவனா? வாயே திறக்கல. என்னையே பார்த்துட்டு இருந்தான். கடைசி வரைக்கும் என்னையே பார்த்துட்டு இருந்தான்."

அதன் பிறகு மூன்று பேரும் அழுதார்கள். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது?

போகும்போது அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் ஐந்து விரலும் பதிந்து கன்றிப்போயிருந்தது. அக்கா ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"ஒத்தடம் குடுக்குறேன், உக்காரும்மா. இல்லாட்டி வீங்கிடும்."

"வேணாங்க்கா. இருக்கட்டும்." அந்த இடத்தை இன்னொரு கையால் மூடிக்கொண்டாள். "அவர் கையிலயும் இப்படித்தானே இருந்திருக்கும்."

வலிப்பு அன்றோடு நின்றுபோனது என்று சொல்ல ஆசைதான். நிற்கவில்லை. டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிறான். பேசிவிட்டு வந்த நாளில் கூடுதலாகவே வருகிறது, போகப் போகக் குறையும் என்கிறார். இப்போதெல்லாம் அக்கா சுருளைத் தேடுவதில்லை. தன் மணிக்கட்டைக் கொடுத்துவிடுகிறாள். தையல் மெஷினில் கை வைத்தால் வலிக்கிறது. வலித்தால் வலிக்கட்டும்.

சில நாள் கழித்து, அக்கா பட்டறையில் தைத்துக்கொண்டிருக்கும்போது ரேடியோவின் மனைவி போன் செய்தாள். எடுத்ததும் விம்மல்தான் கேட்டது.

"என்னம்மா? என்ன ஆச்சு? சொல்லும்மா."

"மறைஞ்சுபோச்சுக்கா" என்றாள். "கையில இருந்துச்சே, அந்த விரல் தடம். காலையில பார்த்தேன், ஒண்ணுமே இல்லக்கா."

அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.