நாலு வரை எண்ணின குரல்

கேசட்டைத் தர முடியாது என்று பட்டறைக்காரர் பல வருஷம் ஒரே பிடியாக நின்றார். கேட்டு நடையாய் நடந்தவன் கட்டை என்கிறவன். அவருடைய செத்துப்போன மகனின் கூட்டாளி. 'இரும்புத்தூசி' என்ற ராக் பேண்டில் பாடினவன். இப்போது செருப்புக் கடை வைத்திருக்கிறான், தலைமுடியும் பாதி காலி. கொடுத்த பொருள் கொடுத்த மாதிரியே திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது என்பது பட்டறைக்காரர் கட்சி.

அந்தப் பேண்டின் கதை அப்படியொன்றும் நீளமில்லை. நாலு பையன்கள். லேத் பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. சாயங்காலமானால் அதற்குள் புகுந்து அடித்துக் கிளப்புவார்கள். கிட்டார் மேலெல்லாம் இரும்புத்தூள் படியும்; பேர் வந்தது அப்படித்தான். மகன் டிரம்ஸ். காது கிழிகிறதென்று பட்டறைக்காரர் வெளியிலிருந்து ஸ்பேனரால் தகரத்தைத் தட்டுவார். உள்ளே இருக்கிறவர்கள் அதையும் தாளத்தில் சேர்த்துக்கொள்வார்கள், தறுதலைகள். வாயில் வந்தபடி ஏசின ஊர்க்காரர்களே பிறகு டிக்கெட் வாங்கிக் கேட்டார்கள். ஒரு கச்சேரி முடிந்து திரும்பும்போது வேன் உருண்டது. மற்ற மூன்று பேரும் கை கால் முறிந்து பிழைத்தார்கள். மகன் பிழைக்கவில்லை. பேண்டும் அதோடு சரி.

மிஞ்சியது கொட்டகையில் பதிந்த அந்த ஒரு கேசட். பாட்டு கிளம்பும் முன்னால், "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று மகன் எண்ணுவான். அவன் பாடுகிறவன் இல்லை. அவன் குரலென்று உலகத்தில் இருந்தது அவ்வளவுதான். பட்டறைக்காரர் அதைப் போடுவார், 'நாலு' வந்ததும் பட்டென்று நிறுத்திவிடுவார். பாட்டு அவருக்கு எதற்கு?

"டேப்பு தேஞ்சு நூலாயிடுச்சு. அறுந்துபோச்சுன்னா அப்புறம் என்ன பண்ணுவீங்க? கம்ப்யூட்டர்ல ஏத்தித் தரேங்கிறான். குடுத்துத் தொலைங்களேன்" என்று மனைவி நச்சரித்த பிறகே கேசட்டைக் கட்டையிடம் கொடுத்தார்.

கட்டை சிடியோடு வந்தான். அட்டையில் நாலு பேர் படம், முடியும் மூஞ்சியுமாக.

"அப்பா, கேட்டுப் பாருங்க. நேத்து அடிச்ச மாதிரி இருக்கு. இரைச்சலை எல்லாம் வழிச்சு எடுத்துட்டாங்க."

போட்டதும் கிட்டார் அலறியது. பட்டறைக்காரர் நிறுத்தினார். திரும்பவும் முதலிலிருந்து போட்டார். திரும்பவும் கிட்டார்.

"முன்னாடி இருந்தது எங்கடா?"

"எதுப்பா?"

"எண்ணுவானே."

கட்டைக்கு முதலில் விளங்கவில்லை. "அதுவா? அது எங்களுக்கு எடுத்துக்குடுக்கச் சொல்றதுப்பா. பாட்டுல சேராது. எல்லாரும் வெட்டிடுவாங்க."

"கேசட்டு இருக்குல்ல?" என்றாள் மனைவி. "அதையே திருப்பிக் குடுத்துடுப்பா."

"ஒரு தடவைதாம்மா ஓடிச்சு. ஏத்தி முடிச்சதும் மெஷின்லயே சிக்கி..." சொல்லிக்கொண்டிருந்தவன் சட்டென்று எழுந்தான். "இருங்க, இருங்க. வெட்டாதது கம்ப்யூட்டர்ல ஏத்தினவன்கிட்ட இருக்கும்."

வாசலுக்குப் போய் போன் போட்டான். ஜன்னல் வழியாக அவன் முதுகு தெரிந்தது. பட்டறைக்காரர் கடவுள் முதல் கறிகாய்க்காரன் வரை யாரையும் நம்பாதவர். அன்றைக்கு அந்த முதுகை நம்பினார். போன் பிடித்த கை தொங்கிவிட்டது. அதன் பிறகும் கட்டை தெருவையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

"அழிச்சிட்டானாம்பா. முன்னாடி ஏதோ முனகல் இருக்கு, வேணுமான்னு என்னைத்தான் கேட்டான். நான்தான் வேணாம்னேன்."

"முனகலாமில்ல, முனகல்! செருப்பு விக்கத்தாண்டா லாயக்கு நீ."

கட்டை அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். அழுகைக்கு நடுவே, "அவன் எண்ணறது எனக்கு அத்துப்படிப்பா. மூணை மட்டும் கொஞ்சம் இழுப்பான். அதே மாதிரி சொல்லிக் காட்டட்டுமா?" என்று வாயைத் திறந்தான்.

பட்டறைக்காரர் எட்டி அவன் வாயைப் பொத்தினார். "வேணாம்டா. என் காதுல அவன் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கான். உன் குரல் அதுமேல ஏறி உக்காந்துக்கும்."

"எனக்கு ஒட்டலைங்க" என்றாள் மனைவி. "போட்டாத்தான் ஞாபகம் வரும். நிறுத்தினா போயிடும். அவன் சொல்லட்டும்."

அவளை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இதை அவள் சொன்னதே இல்லை. கட்டையின் வாயிலிருந்து கையை எடுத்தார்.

"நான் போனப்புறம் சொல்லு."

பட்டறைக்குப் போய் லேத்தை ஓட விட்டார். அதில் வேலை எதுவும் மாட்டியிருக்கவில்லை. இரண்டு கையாலும் மெஷினைப் பிடித்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல், அவள் வந்து கூப்பிடும் வரை நின்றார்.